ஆள் அரிதான பகுதியில் விஎச்எஃப் போட்டி: தொடர்பு கிடைக்காதபோது அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விஎச்எஃப் போட்டி என்பது அமெச்சூர் வானொலியாளர்கள் 50 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் இயன்றவரை அதிக நிலையங்களுடன் தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் போட்டி. நிலையங்கள் அரிதாகச் சிதறிக் கிடக்கும் பகுதியிலிருந்து அதில் இறங்குபவருக்கு மணிக்கணக்கில் மௌனம் காத்திருக்கும். "இங்கே ஆளே இல்லை" என்று சொல்லி ரேடியோவை அணைத்துவிடுவது எளிது. ஆனால் 500 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். அதற்குள் ஆட்கள் இருப்பார்கள். அவர்களுடைய யாகி ஆன்டெனாக்கள் (சிக்னலை ஒரே திசையில் குவிப்பவை) நிலையங்கள் நெருக்கமாக உள்ள பெருநகரங்களை நோக்கி நிற்கும். உங்கள் திசையில் யாரும் இல்லை என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஆன்டெனாக்களை உங்கள் பக்கம் திருப்பவைப்பதுதான் இங்கே முக்கால்வாசி வேலை. மீதிக் கால்வாசி, அவை திரும்பும் நேரத்தில் உங்கள் நிலையம் பழுதில்லாமல் இருப்பது.

எட்டும் தொலைவு இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். நெருக்கமான பகுதியில் இருப்பவர் கேபிளில் 3 டெசிபலை, அதாவது சிக்னலின் பாதி ஆற்றலை, தொலைத்தாலும் பக்கத்து ஊர்க்காரர்களை வைத்து ஒப்பேற்றிவிடுவார். நமக்கு அந்த 3 டெசிபல் போனால் வட்டத்தின் விளிம்பில் இருக்கும் நிலையங்கள் போய்விடும். விளிம்பில்தான் நமக்கு ஆட்களே இருக்கிறார்கள்.

கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அங்கிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: டயலை எங்கே திருப்பினாலும் வெறும் இரைச்சல்

முதலில் ரிசீவருக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல்) முறையில் வைத்து, ஆன்டெனா கேபிளைக் கழற்றி, அதன் இடத்தில் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலான போலிச் சுமையை) மாட்டுங்கள். 50 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் சட்டென்று இறங்க வேண்டும். வானத்திலிருந்து வரும் இரைச்சலே அங்கே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட அதிகம். 144-இல் இறக்கம் சிறியதாக இருக்கும், ஆனாலும் காதுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கேபிள், கனெக்டர், ப்ரீஆம்ப் (வரும் சிக்னலைப் பெருக்கும் கருவி), ரிலே (ஆன்டெனாவைக் கேட்பதற்கும் அனுப்புவதற்கும் மாற்றும் சுவிட்ச்) ஆகியவற்றை இந்த வரிசையில் சந்தேகியுங்கள். 432-இல் அமைதியான இடத்தில் இந்தச் சோதனை தெளிவான விடை தராமல் போகலாம். அங்கே தெரிந்த ஒரு பீக்கனை (தானாகச் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையத்தை) கேட்டுப் பார்ப்பதே மேல்.

ஆன்டெனாவிலிருந்து எதிரொளித்துத் திரும்பும் ஆற்றலை அளக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் நல்ல எண்ணை (1-ஐ நெருங்க நெருங்க நல்லது) காட்டுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 144 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபலை விழுங்குகிறது. 100 வாட் அனுப்பினால் மேலே சேருவது 25 வாட். இந்தக் கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாமல் திறந்து கிடந்தாலும், போகும்போது 6, திரும்பும்போது 6 என 12 டெசிபல் குறைந்துதான் எதிரொளிப்பு மீட்டரை வந்தடையும். மீட்டர் காட்டும் மதிப்பு ஏறக்குறைய 1.7. ஆன்டெனா கீழே விழுந்துவிட்ட நிலையத்துக்கு 1.7 மிக அழகான எண்! அதே கேபிள் 432-இல் 10 டெசிபலுக்கு மேல் தின்னும். ஆகவே அளவை மாஸ்ட்டின் (ஆன்டெனாக் கம்பத்தின்) உச்சியில், ஆன்டெனாவின் வாயிலிலேயே எடுங்கள். கேபிளை மாற்ற முடியுமானால் எல்எம்ஆர்-400 போன்ற குறைந்த இழப்புக் கேபிளுக்கு மாறுவது, ஆம்ப்ளிஃபயர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு. ஆம்ப்ளிஃபயர் பேசுவதை மட்டும் பெரிதாக்கும். நல்ல கேபிள் கேட்பதையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

அடுத்தது ஆன்டெனாவின் கிடை. எஸ்எஸ்பி, மோர்ஸ், டிஜிட்டல் தொலைத்தொடர்புகள் கிடைமட்டத் துருவத்தில் (ஆன்டெனாவின் கம்பிகள் தரைக்கு இணையாக) நடக்கின்றன. எஃப்எம் செங்குத்தில் நடக்கிறது. ரிப்பீட்டருக்காக (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்துக்காக) வைத்த செங்குத்து ஆன்டெனாவோடு எஸ்எஸ்பி போட்டிக்கு வந்தால் 20 டெசிபல் வரை இழப்பு. வேறு எதையும் சோதிப்பதற்கு முன் இதைச் சரிசெய்யலாம்.

இவையெல்லாம் சரி என்றால் 50.313, 144.174 மெகாஹெர்ட்ஸ் ஆகிய எஃப்டி8 (கணினி வழி டிஜிட்டல் முறை) அதிர்வெண்களில் கால் மணி நேரம் கேளுங்கள். காதுக்கு எட்டாத, இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலையும் எஃப்டி8 தோண்டி எடுக்கும். 2500 ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்கிட்டால் சுமார் மைனஸ் 21 டெசிபல் வரை. அங்கே யாராவது தெரிந்தால் ஆள் இருக்கிறார். எந்தத் திசையில் இருக்கிறார் என்பதும் அவருடைய கிரிட்டிலிருந்து (உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைக் காட்டும் குறியிலிருந்து) தெரிந்துவிடும்.

அறிகுறி: எனக்குக் கேட்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை

ஆள் அரிதான இடங்களிலிருந்து வரும் புகார்களில் இதுதான் பெரியது. "அவருக்குக் காது கேட்கவில்லை" என்று கோபப்படுவதற்கு முன் அவருடைய பக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் இடம் அமைதியானது. அவருடைய இடம் அப்படியில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரை, மனிதச் செயல்களால் எழும் ரேடியோ இரைச்சலை இடவகைப்படி பிரிக்கிறது. அதன்படி நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையே வேறுபாடு ஏறக்குறைய 10 டெசிபல். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு ஆற்றல். நீங்களும் அவரும் ஒரே அளவு வாட்டில், ஒரே மாதிரி ஆன்டெனாவில் இருந்தாலும், அவருக்கு நீங்கள் கேட்க வேண்டுமானால் உங்களுக்கு அவர் கேட்பதற்குத் தேவையானதைப் போலப் பத்து மடங்கு வேண்டும். 50 வாட்டுடன் உட்கார்ந்து எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், ஒருவரும் திரும்ப மாட்டார். பழுது எதுவும் இல்லாமலேயே இந்த நிலை வரும்.

இதற்கு மேல் ஆன்டெனாவின் திசை. 144-இல் நல்ல நீளமான யாகியின் கதிர் அகலம் சுமார் 30 பாகை. சுற்றுவட்டம் முழுவதையும் மூட இப்படிப் பன்னிரண்டு திசைகள் வேண்டும். அவர் ஆன்டெனா உங்களுக்குப் பக்கவாட்டில் நிற்கிறது என்றால் இன்னும் 15, 20 டெசிபல் போயிற்று. அவர் பேசும்போது உங்களுக்குக் கேட்பது அந்தப் பக்கவாட்டுக் கசிவுதான்.

இங்கே செய்யக்கூடியவை பல. முதலாவது, பொறுமையாகக் கேட்டு அவர் ஆன்டெனா சுழலும் தருணத்தைப் பிடிப்பது. அவர் 'சிகியூ' (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) அழைத்துக்கொண்டே ரோட்டேட்டரை (ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டாரை) திருப்புவார். உங்கள் எஸ்-மீட்டரில் சிக்னல் மெல்ல ஏறும், உச்சம் தொடும், இறங்கத் தொடங்கும். ஏறத் தொடங்கியதும் கையை மைக்கில் வையுங்கள். உச்சத்தில் அவர் நிறுத்தி மூச்சுவிடும் இடைவெளியில் உங்கள் அழைப்புக்குறியை (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்து-எண் குறியை) ஒருமுறை, கிரிட்டை ஒருமுறை சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொன்ன ஒரு வார்த்தை, பக்கவாட்டில் நிற்கும்போது கத்திய பத்து அழைப்புக்குச் சமம்.

இரண்டாவது, மோர்ஸுக்கு மாறுவது. எஸ்எஸ்பிக்கு 2400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸை 200 ஹெர்ட்ஸ் வடிகட்டியில் கேட்கலாம். இரைச்சல் அந்த விகிதத்தில் குறைவதால் கிட்டத்தட்ட 10 டெசிபல் மிஞ்சுகிறது. நகரத்து இரைச்சல் பறித்துக்கொண்ட அதே 10 டெசிபல் இப்படித் திரும்பி வருகிறது. வேகமாக அடிக்கத் தேவையில்லை. மெதுவான, சுத்தமான மோர்ஸ் போதும். விளிம்பில் இருக்கும் பகுதிகளிலிருந்து போட்டி செய்பவர்கள் மோர்ஸ் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவதுதான் மிகுந்த பலன் தருவது, அதைப் போட்டிக்குப் பல நாள் முன்பே செய்ய வேண்டும். 700 கிலோமீட்டருக்குள் இருக்கும் பெரிய நிலையங்களைக் கடந்த ஆண்டு முடிவுப் பட்டியலிலிருந்து எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். "போட்டியில் இருப்பேன்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் கிரிட், உங்கள் பேண்டுகள் (அதிர்வெண் பட்டைகள்), எந்த யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் அவர்கள் பக்கம் ஆன்டெனாவை வைத்து அழைப்பீர்கள், அவர்கள் இடத்திலிருந்து உங்களை நோக்கும் திசைக்கோணம் எத்தனை பாகை என்பதையும் நீங்களே கணக்கிட்டு எழுதுங்கள். அவர் செய்ய வேண்டியது ரோட்டேட்டரில் ஓர் எண்ணைத் தட்டுவது மட்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கிரிட்டுகள் பெருக்கல் காரணியாக எண்ணப்படும் போட்டிகளில் உங்கள் அரிதான கிரிட் அவருக்கும் லாபம். தயவு கேட்கும் தொனி வேண்டாம். நீங்கள் அவருக்கு ஒன்றைக் கொடுக்கிறீர்கள்.

அறிகுறி: சந்திக்க நேரம் குறித்தும் சந்திப்பு நடக்கவில்லை

நேரம் யுடிசியில்தான் பேசப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, யார் முதலில் அழைப்பது என்று முடிவானதா? இருவரும் ஒரே நேரத்தில் அழைத்து, ஒரே நேரத்தில் கேட்டு, "ஒன்றும் இல்லை" என்று பிரிவது அடிக்கடி நடக்கிறது. ஒருவர் ஒவ்வொரு நிமிடத்தின் முதல் பாதியிலும் மற்றவர் இரண்டாம் பாதியிலும் அனுப்புவதாகப் பேசிக்கொண்டால் இது தீரும்.

பிறகு அதிர்வெண். டயல் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. மில்லியனில் 2 பங்கு பிழை உள்ள ரேடியோ 144-இல் சுமார் 290 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். 432-இல் 860 ஹெர்ட்ஸ். 1296-இல் 2.6 கிலோஹெர்ட்ஸ். எதிர்முனையிலும் அதே அளவு பிழை மறுபக்கமாக இருந்தால் இடைவெளி இரட்டிக்கும். 500 ஹெர்ட்ஸ் வடிகட்டியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பவர் காதில் எதுவும் விழாது. மேல் பேண்டுகளில் வடிகட்டியை அகலமாக்கி, சொன்ன அதிர்வெண்ணுக்கு இருபுறமும் மெல்லத் தேடுங்கள். ரேடியோவை ஜிபிஎஸ் ஆதாரத்தோடு பூட்டிவைக்க முடிந்தவர்களுக்கு இந்தத் தேடல் மிச்சம்.

கடைசியாக வடக்கு. காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் 10 பாகையைத் தாண்டும். இரும்பு மாஸ்ட்டின் அருகில் ஊசி இன்னும் பொய் சொல்லும். 50-இல் இது பொறுக்கத்தக்கது. கதிர் குறுகிய 1296-இல் தொடர்பையே இழக்கச் செய்யும். சூரியனைப் பயன்படுத்துங்கள். உங்கள் இடத்துக்கும் அந்த நிமிடத்துக்கும் உரிய சூரியனின் திசைக்கோணத்தைக் கணக்கிட்டு, ஆன்டெனாவின் பூம் (கம்பிகளைத் தாங்கும் நீண்ட தண்டு) தரும் நிழல் மாஸ்ட்டின் நிழலோடு ஒரே கோட்டில் விழும்வரை ஆன்டெனாவைச் சூரியன் பக்கம் திருப்பி, ரோட்டேட்டரின் அளவுகோலை அதற்குச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: முதல் இரண்டு மணி நேரம் நன்றாகப் போனது, பிறகு ஒருவரும் மிச்சமில்லை

கேட்கக்கூடிய எல்லோரையும் பிடித்துவிட்டீர்கள். இப்போது அதே ஆட்களிடமிருந்து இன்னும் எடுக்க வேண்டும். பெரும்பாலான விஎச்எஃப் போட்டிகளில் ஒவ்வொரு பேண்டும் தனிக் கணக்கு. 144-இல் கிடைத்தவரை விட்டுவிடாமல் "432 உண்டா? 50 உண்டா?" என்று கேட்டு, அங்கேயே அதிர்வெண்ணைக் குறித்துக்கொண்டு இருவரும் நகருங்கள். அவருடைய ஆன்டெனா உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் இந்த நிமிடத்தைவிட நல்ல நிமிடம் இனி வராது. அமெரிக்க ரேடியோ ரிலே லீகின் ஜூன் போட்டியில் 50, 144 தொடர்புகளுக்கு ஒரு புள்ளி, 222, 432 தொடர்புகளுக்கு இரண்டு. கிரிட்டும் பேண்டுக்குப் பேண்டு தனியாக எண்ணப்படும். ஒரே ஆளுடன் நான்கு பேண்ட் என்பது ஆள் அரிதான இடத்தில் பெரும் செல்வம்.

வண்டியில் கிரிட் விட்டுக் கிரிட் போகும் நடமாடும் நிலையங்கள் ஒவ்வொரு புதிய கிரிட்டிலும் புதிய தொடர்பாக எண்ணப்படும் போட்டிகளில், அவர்களின் பயண நிரலை முன்கூட்டியே வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். எல்லைக் கோட்டைத் தாண்டி அவர்கள் நிற்கும் நேரத்தில் உங்கள் ஆன்டெனா அங்கே இருக்க வேண்டும்.

ஐரோப்பா, ஆப்பிரிக்கா அடங்கிய முதல் மண்டலத்துப் போட்டிகளில் கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. அங்கே உங்கள் தனிமையே சாதகம். 700 கிலோமீட்டர்த் தொடர்பு ஒன்று, 50 கிலோமீட்டர்த் தொடர்புகள் பதினான்குக்குச் சமம். அருகில் ஆள் இல்லையே என்று வருந்தாமல் தொலைவில் இருப்பவருக்கு நேரம் ஒதுக்குங்கள்.

அறிகுறி: 144-இல் 400 கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் எட்டவில்லை

தலைக்கு மேலே விமானப் பாதை போகிறதா என்று பாருங்கள். ஊர் இல்லாத நிலப்பரப்பின் மேலும் விமானங்கள் பறக்கின்றன. 10 கிலோமீட்டர் உயரத்தில் போகும் விமானத்தின் உடல் சிக்னலைச் சிதறடித்து, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வரை இரண்டு நிலையங்களை இணைக்கும். விமானம் இருவரையும் இணைக்கும் கோட்டை, கூடுமானவரை நடுப்பகுதியில், கடக்க வேண்டும். விமானங்களின் நேரடி இருப்பிடத்தை வைத்து இந்தக் கடப்பைக் கணிக்கும் ஏர்ஸ்கவுட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வாய்ப்பு ஓரிரு நிமிடம்தான், எனவே கிரிட், எண் பரிமாற்றத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வானிலையையும் கவனியுங்கள். உயரழுத்தம் நிலைத்திருக்கும் நாள்களில், அந்தி முதல் விடிந்து சற்று நேரம் வரை, தரைக்கு மேல் வெப்பநிலை தலைகீழாகி சிக்னலைக் குழாய்க்குள் போவதுபோல் கொண்டுசெல்லும். அந்த இரவில் தூங்கப் போகாதீர்கள்.

அறிகுறி: அதிகாலையில் பேண்ட் செத்துக் கிடக்கிறது

விடியற்காலை எரிகற்களின் நேரம். பூமி நொடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. விடியும் பக்கம்தான் அந்த ஓட்டத்தின் முன்முகம். எனவே உள்ளூர் நேரம் காலை 6 மணியை ஒட்டி எரிகற்கள் மிகுதியாகவும், மாலை 6 மணியை ஒட்டிக் குறைவாகவும் விழும். சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அவை விட்டுச்செல்லும் அயனித் தடத்தில் பட்டுத் திரும்பும் சிக்னல் 2000 கிலோமீட்டர் வரை எட்டும். 144-இல் ஒரு தடம் பெரும்பாலும் நொடியின் ஒரு சிறு பங்கு நேரம்தான் நிலைக்கும். எம்எஸ்கே144 என்ற டிஜிட்டல் முறையில் முழுச் செய்தியும் 72 மில்லிநொடியில் அடங்குவதால் அந்தச் சிறு துண்டே போதும். ஒரு தொடர்பு முடிய இருபது நிமிடம்கூட ஆகலாம். நகர்ப்புறத்தில் அது வீண். மணிக்கு ஒரு தொடர்பு கிடைத்தாலே பெரிது என்றிருக்கும் நமக்கு அது நல்ல விலை.

அறிகுறி: எஃப்டி8 ஒலி திரையில் தெரிகிறது, எழுத்தாக வருவதில்லை

கணினிக் கடிகாரம். ஒரு நொடிக்கு மேல் பிழை இருந்தால் தொல்லை தொடங்கும். இணையம் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் கொண்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள். எழுத்தாக வருகிறது, ஆனால் தொடர்பு பாதியில் நிற்கிறது என்றால் மென்பொருளில் அந்தப் போட்டிக்குரிய பரிமாற்ற வகையைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். மற்றபடி எஃப்டி8-இலேயே நாள் முழுவதும் தங்கிவிட வேண்டாம். அங்கே வலுவாகத் தெரிபவரை எஸ்எஸ்பிக்கோ வேறு பேண்டுக்கோ அழைத்துச் செல்வதற்கான வாசலாக அதை வையுங்கள்.

அறிகுறி: 50 மெகாஹெர்ட்ஸில் தொலைவு கேட்கிறது, பக்கத்தில் இருப்பவர் காணாமல் போய்விட்டார்

பழுதில்லை. ஸ்போராடிக் ஈ (மேலே திடீரெனத் திரளும் அயனிமேகம் சிக்னலைத் திருப்பி அனுப்பும் நிலை) திறந்திருக்கிறது; பக்கத்து நிலையங்களும் தொலைவைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பிவிட்டன. ஒரே தாவலில் சுமார் 2300 கிலோமீட்டர் வரை எட்டும் இந்த நிலையில் வாட் ஒரு பொருட்டே இல்லை. உடனே அழைப்பு அதிர்வெண்ணை (எல்லோரும் முதலில் கேட்கும் பொது அதிர்வெண்ணை) விட்டு விலகி, ஓர் இடம் பிடித்து, 'சிகியூ' அழையுங்கள். அரிதான கிரிட்டைத் தேடி அவர்களே வருவார்கள். தொடர்புகளின் தொலைவு குறைந்துகொண்டே வந்து 600 கிலோமீட்டருக்குக் கீழ் போனால் அயனிமேகம் மிக அடர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது 144-க்குத் தாவிப் பாருங்கள், அங்கேயும் திறந்திருக்கக்கூடும்.

திறப்பு இல்லாத மற்ற நேரங்களில் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளுங்கள். அழைப்பு அதிர்வெண்ணை விட்டு வெகுதொலைவு போகாதீர்கள். வட அமெரிக்காவில் 144.200, முதல் மண்டலத்தில் 144.300. ஆள் அரிதான பகுதியில் டயலைச் சுழற்றித் தேடுபவர் யாரும் இல்லை. ஒவ்வொரு மணியிலும் ஒரே நிமிடத்தில், ஒரே திசை வரிசையில் அழைத்தால் கேட்பவர்களுக்கு அது பழகிவிடும்.

அறிகுறி: உள்ளூரில் சிலர் இருந்தும் போட்டியில் யாரும் தென்படவில்லை

அவர்களிடம் கைக்கருவி எஃப்எம் மட்டும்தான் இருக்கும். ரிப்பீட்டர் வழியான தொடர்புக்குப் பொதுவாகப் புள்ளி கிடையாது, ஆனால் நேரடி எஃப்எம்முக்கு உண்டு. முந்தைய வாரமே அவர்களை அழைத்து, கிரிட் என்றால் என்ன, பரிமாற்றத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். ஒரு செங்குத்து ஆன்டெனாவையும் கையில் வைத்திருங்கள்.

அறிகுறி: இணையத்தில் பேசி ஏற்பாடு செய்யலாமா என்று தயக்கம்

அந்தப் போட்டியின் இந்த ஆண்டு விதியைப் படியுங்கள். சில போட்டிகள் தன் இருப்பைத் தானே அறிவிப்பதை அனுமதிக்கின்றன, சில தனிப்பிரிவில் சேர்க்கின்றன, சில தடுக்கின்றன. எங்கும் பொதுவானது ஒன்று: நேரமும் அதிர்வெண்ணும் இணையத்தில் பேசலாம் என்ற இடத்திலும், அழைப்புக்குறி, கிரிட், எண், உறுதிமொழி ஆகியவை வானலை வழியாகவே வந்துசேர வேண்டும். நடுவில் அரட்டைப் பெட்டியில் "கிரிட் கேட்டதா?" என்று கேட்டால் தொடர்பு அங்கேயே செத்துவிடும்.

அறிகுறி: தொடர்பு நடந்தது, பதிவேட்டுச் சரிபார்ப்பில் வெட்டப்பட்டது

நூறு தொடர்பு உள்ளவருக்கு ஒன்று போனால் சிராய்ப்பு. பன்னிரண்டு உள்ளவருக்கு அது காயம். பெரும்பாலும் குற்றவாளி கிரிட்தான், அதிலும் ஆறு எழுத்துக் குறியின் கடைசி இரண்டு எழுத்துகள். கிரிட்டைத் தட்டியதும் பதிவு மென்பொருள் தொலைவையும் திசைக்கோணத்தையும் காட்டும். ஆன்டெனா 40 பாகையில் உச்சம் காட்டும்போது திரையில் 130 பாகை வந்தால் முதல் நான்கு எழுத்துகளில் ஒன்றைத் தவறாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டில் வரும் பிழையை இந்தச் சோதனை காட்டாது, அவற்றை ஒலிப்புச் சொற்களில் கேட்டுத் திரும்பச் சொல்லி உறுதிசெய்யுங்கள். அவர் அதிர்வெண்ணை விட்டுப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.